கடதாசிச் செற்றி

பக்கத்து அறைக்காரி பழைய பேப்பர் சேர்த்து விற்கிறவள் என்றுதான் முதல் இரண்டு மாதமும் நினைத்திருந்தேன். அவள் சிற்பி என்று எனக்கு யார் சொன்னது? சிற்பி என்றால் கையில் உளி இருக்கவேண்டும், தரையில் கல் கிடக்கவேண்டும். இவளோ ஒவ்வொரு நாளும் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை மடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வருவாள். பின்னால் தள்ளுவண்டியில் இலவசப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும்.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எனக்கும் ஓர் அறை உண்டு. கல்யாணங்களுக்கு மணவறை சோடிப்பது என் தொழில். தூண், யானை, மயில், மேலே கோபுரம் எல்லாம் நானே ரெஜிபோமில் வெட்டிப் பொன்நிறம் அடித்து வைத்திருக்கிறேன். புதுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால் ஓரமெல்லாம் வெள்ளையாக வருமே, அதுதான் ரெஜிபோம். நெருப்பைக் கண்டால் ஒரு நிமிடம் தாங்காது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பேப்பரை மலையாகக் குவிக்கிறாள் என்றால் எனக்கு நித்திரை வருமா? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் போய்க் கதவைத் தட்டினேன். திட்டுவதற்கு வேண்டிய பிரெஞ்சு எல்லாவற்றையும் நடைபாதையில் நின்றே அடுக்கி வைத்திருந்தேன்.

கதவு திறந்தது. உள்ளே உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஒன்று நின்றது. அசல் அளவு, அசல் மூடி, அசல் திருகுகள். ஆனால் முழுவதும் றோஸ் நிறம், முழுவதும் கடதாசி. மெல்லிய கடதாசியைக் குஞ்சம் குஞ்சமாக வெட்டி, அடியிலிருந்து நுனிவரை வரிசையாக ஒட்டியிருந்தாள். கதவு திறந்த காற்றுக்கு அந்தக் குஞ்சமெல்லாம் ஒருமுறை அசைந்து அடங்கின. விரலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெறுமை. நான் அடுக்கி வைத்த பிரெஞ்சு எங்கேயோ போய்விட்டது. வடிவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவள் மெக்சிகோக்காரி. என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். எங்கள் இருவருக்கும் பொது மொழி பிரெஞ்சுதான். அவளுடையது ஸ்பானிய இழுவை போட்ட பிரெஞ்சு, என்னுடையது தையல் ஆலையில் நின்று பொறுக்கிய பிரெஞ்சு. இந்த ஊர்க்காரர் கதைத்தால் பாதி விளங்காத எங்களுக்கு, ஒருத்தி கதைப்பது மற்றவளுக்கு முழுக்க விளங்கும். அவள் பேச்சு என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். என்னை அவள் ‘மடாம்’ என்பாள். விடச் சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

இந்த ஊரில் யூலை முதலாம் திகதி வீடு மாறும் நாள். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதற்கு முதல்நாள் முடிவதால் ஊரே ஒன்றாகப் பெட்டி கட்டும். புதுவீட்டுக்குள் போகாத சாமான் எல்லாம் தெருவோரத்துக்கு வரும். அவள் இங்கே வந்து மூன்றாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தால் தெரு முழுவதும் கட்டில், மெத்தை, நிலைக்கண்ணாடி. அவள் பிறந்த ஊரில் கட்டில் தெருவுக்கு வருவது பூமி அதிர்ந்தால் மட்டும்தானாம். செருப்பும் போடாமல் கீழே ஓடிப்போய், கதிரை தூக்கிக்கொண்டு நின்ற ஒருவரிடம் யாருக்கும் காயமா என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் இவள் கையில் ஒரு மேசைவிளக்கைக் கொடுத்து, வேண்டுமென்றால் வைத்துக்கொள் என்றாராம். அவள் இதைச் சொன்னபோது வயிறு நோகச் சிரித்தேன். ஆனால் என்னுடைய முதல் யூலை முதலாம் திகதி, தெருவில் சாமானும் சனமுமாகக் கண்டபோது எனக்கும் நெஞ்சு பதறியது உண்மை. எங்கள் ஆட்களிடம் அந்தக் காட்சிக்கு இடம்பெயர்வு என்று பெயர். பக்கத்து வீட்டுப் பெண் பியர்ப் போத்தலோடு படியில் இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த மேசைவிளக்கு கிடைத்த நாளிலிருந்துதான் அவளுக்கு இந்த வேலை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு யூலை முதலாம் திகதியும் ஒரு நூல்பந்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பாள். ஒரு சாமானும் எடுக்கமாட்டாள். நூலால் அளந்து, அளவுக்கு அளவு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். சாமானை வைத்துவிட்டுப் போகிறவர் பக்கத்தில் நின்றால், இதில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்பாள். பிறகு அறைக்கு வந்து அட்டையில் எலும்பு கட்டி, பத்திரிகையைப் பசையில் தோய்த்து ஒட்டுவாள். பத்திரிகையைக் கத்தரிக்கோலால் தொடமாட்டாள். வெட்டிய விளிம்பு காய்ந்ததும் கிளம்பும், கிழித்த விளிம்பு படுத்துக்கொள்ளும் என்பது அவள் கண்ட உண்மை. நெடுக்கே ஒரு படை, காய்ந்தபின் குறுக்கே ஒரு படை, பிறகும் நெடுக்கே ஒன்று. கடைசியில்தான் நிறக் கடதாசி.

பல்கலைக்கழகத்தில் கல்லும் வெண்கலமும் படித்தவளாம். பிறகு ஏன் இந்தக் கடதாசி என்று கேட்டேன். அவளுடைய சித்தி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மேம்பாலத்துக்குக் கீழே, கடதாசியில் நட்சத்திரமும் கழுதையும் செய்து தொங்கவிட்டு விற்றவராம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதற்குக் கீழே இருந்துதான் இவள் பாடம் எழுதினாளாம். மேலே பார்த்தால் வானம் தெரியாது, வால்கள்தான் தெரியுமாம்.

“கல்லுக்கு நான் தேவையில்லை, மடாம். எனக்கு முந்தியும் இருந்தது, பிந்தியும் இருக்கும்,” என்றாள்.

நான் மண்டையை ஆட்டினேன். எங்கள் நாட்டில் வெசாக் பண்டிகைக்குக் கடதாசிக் கூடு கட்டித் தொங்கவிடுவார்கள், அதுபோல ஒரு சோடனை என்று விளங்கிக்கொண்டேன். பிறந்தநாள் வீடுகளில் கடதாசிக் குதிரையைத் தொங்கவிட்டுப் பிள்ளைகள் தடியால் அடித்து இனிப்புப் பொறுக்குவதை நான் காணாதவள் இல்லை. ஆனால் அது கடையில் வாங்குகிற குதிரை. மூன்று மாதம் மினக்கெட்டுச் செய்த மெஷினையும் அந்தக் குதிரையையும் என் மூளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அவளுடைய சாமான்கள் கண்காட்சிக்குப் போகும், திரும்பி வராது. கேட்டால் முடிந்துவிட்டது என்பாள். நல்ல விலைக்குப் போயிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

நாளடைவில் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு போக்குவரத்து ஏற்பட்டது. ரெஜிபோம் வெட்டுகிற என் சூட்டுக் கம்பியை அவள் இரவல் கேட்பாள். அவளுடைய பசை நாறுகிறது என்று நான் சண்டை பிடித்து, கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சும்போதே கராம்பு இடித்துப் போடப் பழக்கிவிட்டேன். பூஞ்சணமும் பிடிக்கவில்லை, அறையும் புரியாணிச் சட்டி மணத்தது. தமிழ்க் கடைகளில் அள்ளி அள்ளி வைத்திருக்கும் இலவசத் தமிழ்ப் பத்திரிகைகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நிபந்தனை. மரண அறிவித்தல் பக்கங்களை நான் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பேன். செத்தவர்களைப் பசையில் தோய்ப்பது சரியில்லை. அவற்றை எடுத்தால் மிஞ்சுவது வீடு விற்கும் முகவர்களின் சிரித்த முகங்கள். அவள் அவர்களை நெடுக்கும் குறுக்குமாக ஒட்டினாள்.

போன வருடம் மாசி மாதம், வெளியே பனி கொட்டுகிற ஒரு மத்தியானம், நான் கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, தெருவில் விட்டுவிட்டு வந்த சாமான் எனக்கும் இருக்கிறதா என்று கேட்டாள்.

“செற்றி,” என்றேன். யோசிக்கவே இல்லை.

சோபாவைத்தான் நாங்கள் செற்றி என்போம். வந்த புதிதில் கோட்-டெ-நேஜில் இரண்டு அறை வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். நானும் அவரும் மகளும், அவருடைய இரண்டு தம்பிமார், என் அக்கா குடும்பம், பிறகு ஊரிலிருந்து வந்து வந்து இறங்கியவர்கள். அந்தச் செற்றியும் தெருவோரத்தில் எடுத்ததுதான். மங்கின நீலம். நாலு பேர் தலையில் தூக்கி மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். அது ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. பகல் வேலைக்காரர் இரவில் படுப்பார்கள், இரவு வேலைக்காரர் பகலில் படுப்பார்கள். மகளுக்குப் பால் கொடுத்ததும் அதில்தான். அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. யாரும் செற்றிக்கு முன்னால் வந்து நின்று, “இடம் காணுமோ?” என்று கேட்பார்கள். இருக்கிறவர்கள் ஒடுங்கிக்கொண்டு, “காணும், இருங்கோ,” என்பார்கள். காணாது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ரொட்டி சுடுகிற வெதுப்பகத்தில் இரவு வேலை, நான் ஆலையில் பகல் வேலை. விடிய அவர் வாசலுக்குள் வர, நான் மகளைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போவேன். ஐந்து வருடம் அப்படி ஓடியது.

பிறகு மொன்ட்ரியால்-நோருக்கு மாறினோம். யூலை முதலாம் திகதி, மழை. செற்றி புதுவீட்டு வாசலுக்குள் போகாது என்று அவர் அளந்து வந்து சொன்னார். பழைய வீட்டுக்கு முன்னால் தெருவோரத்தில் வைத்துவிட்டு லொறியில் ஏறினோம்.

“திரும்பிப் பாத்தனீங்களோ?” என்று அவள் கேட்டாள்.

பார்க்கவில்லை. லொறிக்காரன் அவசரப்படுத்தினான், மகள் அழுதாள், மழை. காரணம் எல்லாம் சொல்லிவிட்டு, ஒரு பழைய செற்றிதானே என்று முடித்தேன். அப்போது கண்ணைத் துடைக்கவேண்டி வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. இடியப்பக் கறியில் மிளகு கூடிவிட்டது என்றேன்.

அவள் நூல்பந்தை எடுத்தாள். அளக்க என்னிடம் செற்றி எங்கே இருக்கிறது? அவருடைய சின்னத் தம்பி படுத்தால் கணுக்காலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது மட்டும் ஞாபகம். நாட்டின் மற்றக் கரையில் இருக்கிற அந்த மச்சானுக்குப் போன் எடுத்து உயரம் கேட்டேன். கல்யாணம் கட்டி மூன்று பிள்ளை பெற்ற பிறகு எனக்கு ஏன் உயரம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அதிலிருந்து ஒரு பாதத்தைக் கழித்தோம். அதுதான் நீளம். நீலத்துக்குத்தான் கஷ்டம். பதினாலு நீலக் கடதாசியைச் சுவரில் ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை என்று அத்தனையையும் தள்ளினேன். கடைசியில் அவளே இரண்டு நீலக் கடதாசியைத் தண்ணீரில் தோய்த்து வெயிலில் போட்டு மங்கவைத்துக் கொண்டுவந்தாள். அந்த நீலம் அச்சொட்டாக அதுதான்.

இனிதான் நான் செய்த பிழை வருகிறது.

எந்த மணவறை கட்டத் தொடங்கினாலும் நான் முதலில் மஞ்சள்தூளைக் குழைத்து, எலுமிச்சங்காய் அளவில் ஒரு பிள்ளையார் பிடிப்பேன். வலது பக்கத்து முன்தூணின் உச்சியில் ஒரு குழி வெட்டி அவரை உள்ளே இருத்துவேன். அறுகு இந்த ஊரில் கிடைக்காது. புல்தரையில் இருப்பதைப் பிடுங்கி வைப்பேன், அவர் இன்றுவரை கோபித்ததில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் எடுத்துக்கொண்டுபோய் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் கரைத்துவிடுவேன். இதெல்லாம் பல் விளக்குவது போன்ற பழக்கம். யோசித்துச் செய்வதில்லை. செற்றிக்கு அட்டை எலும்பு கட்டி முடிந்த அன்றும் என் கை தன்பாட்டில் பிள்ளையாரைப் பிடித்து, வலது கைப்பிடிக்குள், இரண்டு அட்டைக்கு நடுவில் இருத்திவிட்டது. அவள் அப்போது கடைக்குப் போயிருந்தாள். வந்ததும் சொல்லவும் தோன்றவில்லை. ஒரு வேலை தொடங்கினால் பிள்ளையார் இருப்பார்தானே? இந்தச் செற்றியை அவள் விற்கமாட்டாள், கண்காட்சி முடிந்து திரும்பி வரும், அப்போது எடுக்கலாம் என்று இருந்தேன். அடுத்த கிழமை அவள் கைப்பிடியை மூன்று படை பத்திரிகையால் மூடிவிட்டாள்.

கண்காட்சி புரட்டாதியில் நோத்ர-டாம்-த-கிரேஸில், ஒரு கலாசார மண்டபத்தில் தொடங்கியது. நான் பட்டுச்சேலை கட்டினேன், அவர் கோட் போட்டார். கர்க்லாண்டிலிருந்து மகளும் வந்திருந்தாள். அவள் வீட்டில் தோல் சோபா இருக்கிறது, அதில் யாரும் இருக்கப் பயம். மண்டபத்தில் ஆறு சாமான், நடுவில் எங்கள் செற்றி. விளக்கு வெளிச்சத்தில் அந்த நீலத்தைக் கண்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரோ என்னைப் பார்த்து நீங்களும் சிற்பியா என்று கேட்க, இல்லை, பசை காய்ச்சினது நான் என்றேன்.

சிற்பி ஒலிவாங்கியில் நன்றி சொன்னாள். கடைசி ஞாயிறு எல்லோரும் கட்டாயம் வரவேண்டும், ஒவ்வொரு சாமானுக்கும் அதைத் தெருவில் விட்டவர்தான் முதல் அடி அடிப்பார், பிறகு வந்தவர்கள் அடித்து உடைக்கலாம், தடி நாங்கள் தருவோம் என்றாள். சனம் கைதட்டியது. நானும் பழக்கதோஷத்தில் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னது விளங்கியது. கை அப்படியே நின்றது.

கூட்டம் விலகியதும் அவளைப் பிடித்து, உடைப்பதா என்று கேட்டேன். இதை நான் கேட்கிறேனே என்று அவள் உண்மையாகவே திகைத்தாள்.

“பின்னை என்ன செய்யிறது, மடாம்? கடதாசியிலை உள்ளுக்கு வெறுமையா ஒண்டு செய்தால் அது உடைக்கத்தானே.”

அவளுக்கும் அது பல் விளக்குவது போல. என்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை.

வாகனத்தில் திரும்பும்போது கைப்பிடிக்குள் பிள்ளையார் இருப்பதை அவருக்குச் சொன்னேன். அவர் றோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, “பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டனான். பிள்ளையார் பிடிக்கச் செற்றியானது இண்டைக்குத்தான்,” என்றார். நான் வீடுவரை அவரோடு கதைக்கவில்லை.

கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் பதறவில்லை. மஞ்சளில் பிடித்த பிள்ளையாரைக் காரியம் முடிந்ததும் தண்ணீரில் கரைக்கவேண்டும், மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்ததுதான் பிழை என்று எனக்கே திருப்பிவிட்டார். இனியாவது எடுத்துக் கரையுங்கள், ஆனால் தடியால் அடி விழக்கூடாது என்றார்.

இரண்டு கிழமை நான் நானாக இல்லை. சொன்னால் கைப்பிடியை வெட்டவேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளையாருக்கு அடி. அதைவிடப் பெரிய பயம் வேறு. என் மணவறைக்குள் என்னைக் கேட்காமல் ஒருவர் ஒரு குண்டூசி வைத்தாலும் நான் துள்ளி விழுவேன். இவளுடைய வேலைக்குள் நான் ஒரு சாமியையே வைத்திருக்கிறேன். எனக்கு இந்த ஊரில் வாடிக்கையாளர் நிறைய, சிநேகிதி என்று சொல்ல ஒருத்திதான். அவளை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

கடைசி ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை சொன்னேன்.

“எனக்குச் சொல்லாமலோ வைச்சனீங்கள்?”

“ஓம்.”

அவள் முகம் இறுகியது. எழுந்துபோய்ப் பசைச் சட்டியைக் கழுவினாள். ஏற்கனவே கழுவிய சட்டி. மூன்று தரம் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எந்தக் கை, எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். காட்டினேன். பிறகு அவரை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஆற்றில் கரைப்போம் என்றேன்.

“கரைக்கிறதுக்கோ அவ்வளவு கவனமாச் செய்யிறனீங்கள்?”

“ஓம்.”

“பேந்து ஏன் அண்டைக்கு என்னோடை சண்டைக்கு வந்தனீங்கள்?”

அவள் சிரிக்கத் தொடங்கினாள், எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. வலது கைப்பிடியைச் சுற்றி ஒரு சிவப்பு நூல் கட்டுவது, அங்கே யாரும் அடிக்கக்கூடாது என்று சொல்வது, முடிந்ததும் அவளே கத்தியால் திறந்து எடுத்துத் தருவது என்று தீர்மானித்தோம். ஆனால் முதல் அடி என்னுடையது. அது என்னால் ஏலாது என்றேன். பிள்ளையார் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் செற்றியில் என் பிள்ளை வளர்ந்தது.

“நீங்கள் அடிக்காட்டில் ஒருத்தரும் அடிக்கேலாது. திரும்பவும் தெருவிலைதான் வைக்கவேணும்,” என்றாள். அவளுடைய வேலையில் அது மாற்றமுடியாத விதி. அவள் கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சனிக்கிழமை முழுவதும் நான் எள்ளுருண்டை பிடித்து, நிறக் கடதாசியில் சுற்றினேன். அடிக்கப் போகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல்தான் சுற்றினேன்.

பிள்ளையாருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்களுக்கு மனம் பதறவேண்டாம். எல்லாம் முடிந்தபின் அவள் தரையில் முழங்காலில் இருந்து, கைப்பிடியைப் பக்குவமாக அறுத்து, அவரை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தாள். காய்ந்து இறுகி, உச்சி கூட உடையாமல் இருந்தார். அன்று பின்னேரமே நானும் அவரும் அவளுமாகப் போய் ஆற்றில் விட்டோம். தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாகி, பிறகு தண்ணீராகிவிட்டது. அவள் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததுதான் இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது.

மண்டபம் நிறையச் சனம். முதலில் ஒரு ஹெயிட்டிக்காரப் பெரியவர் தன் தொலைக்காட்சியை அடித்தார். ஒரே அடி, பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். பிள்ளைகள் மிச்சத்தை முடித்தார்கள். றோஸ், பச்சை, மஞ்சள் என்று கடதாசி தரையெல்லாம் பறந்தது. சத்தமும் சிரிப்புமாகக் கல்யாணவீடு தோற்றது. கடைசியாகச் செற்றி. முதுகுப்பக்கத்து ஓட்டையால் எள்ளுருண்டை எல்லாம் உள்ளே போட்டாயிற்று. தடியை என் கையில் தந்தார்கள். வீடு கூட்டுகிற தும்புத்தடியின் கம்புக்கு நிறம் அடித்தது.

தூக்கினேன். கை மேலே போனது, கீழே வரவில்லை. இருபத்தைந்து பிள்ளைகள் தடியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மகள் போனில் படம் எடுக்கிறாள். சிற்பி ஓரமாக நின்று பார்க்கிறாள். அந்த நீலத்தை அடிக்க எனக்கு மனம் வரவே இல்லை. நிற்கவும் ஏலவில்லை. தடியைக் கீழே வைத்தேன். திரும்பினேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்தச் செற்றியிலேயே போய் இருந்தேன்.

கடதாசிச் செற்றி முனகியது. முறியவில்லை. நெடுக்கும் குறுக்குமாக மூன்று படை, என்னுடைய கராம்புப் பசை. நான் கூட்டத்துக்குள் அவரைத் தேடினேன். கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றார்.

“இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ,” என்றேன்.

பிள்ளைகளை விலக்கிக்கொண்டு வந்தார். செற்றிக்கு முன்னால் வந்ததும் நின்றார். கிண்டல் இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. முப்பது வருடத்துக்கு முந்திய பழக்கம் வாய்க்கு வந்தது, அவ்வளவுதான்.

“இடம் காணுமோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினொரு பேர் இருந்து எழும்பின அந்தச் செற்றியில் நாங்கள் இரண்டுபேரும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. அவர் வர நான் போனேன், நான் வர அவர் போனார்.

“காணும், இருங்கோ,” என்றேன்.

அவர் பக்கத்தில் வந்து இருந்தார். தோள் முட்டியது. ஒரு கொஞ்ச நேரம், ஒரு மூச்சு விட்டு எடுக்கிற நேரம் இருக்கும், அது எங்கள் இரண்டு பேரையும் தாங்கியது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.